சிப்பி எண்ணும் லூப்

மார்ச் 3, செவ்வாய்

காற்று செத்துப் போன நாள். விசிறி சுற்றுகிறது, அவ்வளவுதான். மடிக்கணினியின் அடியில் கை வைத்தால் தோசைக்கல்.

காலையிலிருந்து ஒரே வேலை. கடலடிப் படங்கள். பார், பார் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தாயிற்று. பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு, அதன் மேல் முத்துச்சிப்பி அப்பிக் கிடக்கும் என்று. அதன் முகத்தை இந்த வேலையில்தான் முதலில் பார்க்கிறேன். அழகு ஒன்றுமில்லை. பச்சையும் பழுப்புமாகக் கலங்கல். நடுவில் ஒரு இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் சிப்பி.

என் பைத்தான் நிரல் ஒவ்வொரு படத்தையும் புள்ளி புள்ளியாகப் பார்க்கிறது. இந்தப் புள்ளி சிப்பியா, பாசியா, மண்ணா. அக்கம்பக்கத்துப் புள்ளிகளையும் பார்த்து முடிவு செய்கிறது. கடைசியில் சிப்பிப் புள்ளிகளை எல்லாம் கூட்டி, பாரில் எவ்வளவு இடத்தைச் சிப்பி மூடியிருக்கிறது என்று ஒரு எண் தர வேண்டும். வேலை சுத்தம். ஆனால் என்ன மந்தம்! ஒரு படம் முடிவதற்குள் டீ போட்டுக் குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிட்டேன். படங்களோ ஆயிரக்கணக்கில். இப்படியே போனால் மழைக்காலம் வந்துவிடும்.

சங்கர் கூப்பிட்டான். நானும் அவனும் சேர்ந்து நடத்தும் கம்பெனி. ஆள் இரண்டு, போர்டு மட்டும் பெரிசு.

"அக்கா, பதினாலாம் தேதி ரிப்போர்ட் குடுத்திருவோம்னு மேடம்ட்ட சொல்லிட்டேன்."

"யாரக் கேட்டுச் சொன்ன?"

"ஒங்களக் கேட்டா முடியாதும்பீங்க. அதான் கேக்கல."

இவனை என்ன செய்ய.

மேடம் என்றால் இந்தக் கணக்கெடுப்பை நடத்தும் ஆராய்ச்சிக்காரர். எண் அவர் கைக்குப் போனால் முடிவு வந்துவிடும். சிப்பி வரம்புக்கு மேல் இருந்தால், அது வளரட்டும் என்று, அந்தப் பாரில் இரண்டு வருடம் ஒருத்தரும் முங்கக் கூடாது. சங்கு எடுக்கவும் கூடாது. வரம்புக்குக் கீழே என்றால் பழையபடி தொழில்.

அந்தப் பாரில்தான் வால்டர் அண்ணன் சங்கு குளிப்பது. இதில் வேடிக்கை, படம் எடுத்ததும் அண்ணன்தான். முங்கத் தெரிந்த ஆள் வேண்டுமென்று தேடியபோது சங்குகுளிக்காரர்களைத் தவிர யார் கிடைப்பார்கள்? கேமராவைக் கையில் கொடுத்து, சட்டத்தை வை, பாசியை ஒதுக்கு, படம் எடு என்று சொல்லி அனுப்பினார்கள். அண்ணன் எடுத்ததைத் தங்கச்சி எண்ணுகிறாள். வேலை வந்த அன்றே மேடத்திடம் சொல்லிவிட்டேன், என் அண்ணன் அங்கேதான் தொழில் செய்கிறார் என்று. "பரவால்லம்மா, மிஷின்தான எண்ணப் போகுது" என்றார்.

வாங்க வேண்டியது: கறிவேப்பிலை, பூண்டு, எட்வினுக்கு பிளேடு. தண்ணீர் மோட்டார்காரருக்கு ஃபோன்.

மார்ச் 4, புதன்

அதே வெயில். கறிவேப்பிலை மறந்தாயிற்று.

ஆபீஸ் போனேன். சங்கரின் அப்பா கடைக்கு மேல் மாடி. கீழே கயிறு, பெயின்ட், போட்டுக்கு வேண்டிய நட்டு போல்ட்டு. படி ஏறும்போதே தார் வாசனை. அண்ணாச்சி கல்லாவிலிருந்து தலையைத் தூக்கி, "ஏளா, எம் பயல் ஏதாவது வேல செய்யுதானா?" என்றார். வழக்கமான கேள்வி. "செய்யுதான் அண்ணாச்சி" என்றேன். வழக்கமான பொய்.

நேரம் எங்கே போகிறது என்று அளந்து பார்த்தோம். படத்தைத் திறக்க, மூட, எழுத எல்லாம் சேர்ந்தே கொசுறு. மிச்ச நேரம் முழுக்க ஒரே இடத்தில். புள்ளி புள்ளியாகப் போகிற அந்த ஒரு லூப். பத்துப் பன்னிரண்டு வரி இருக்கும்.

சங்கர் உடனே குதித்தான். "பேசாம முழுசயும் சி-ல எழுதிருவோமாக்கா? பறக்கும்."

"பறந்து எங்க போவ? நாலு மாசம் ஆகும். எழுதுற வரைக்கும் பதினாலாம் தேதி ஒனக்காகக் காத்துக்கிட்டு இருக்குமோ?"

முறைத்தான். பிறகு அடங்கினான். முடிவு: பைத்தான் அப்படியே இருக்கட்டும். அந்த லூப்பை மட்டும் சி-யில் எழுதி, கம்பைல் செய்து, ஒரு மாட்யூலாக ஒட்டவைப்பது. பைத்தான் அதைக் கூப்பிடும், சி எண்ணித் திருப்பித் தரும். ரெடிமேட் நூலகங்களில் தேடினேன், இந்த அக்கம்பக்கம் பார்க்கிற வேலை எதிலும் ஒழுங்காகப் பொருந்தவில்லை. பழைய மெதுவான லூப்பை அழிக்கவில்லை. ஒரு ஓரமாகக் கிடக்கட்டும்.

சாயங்காலம் எட்வினிடம் சொன்னேன். என் வீட்டுக்காரர் கப்பல் சரக்குக்குப் பேப்பர் வேலை செய்கிற மனுஷன், கணினி என்றால் அவருக்கு எக்ஸெல். "சி-யா? காலேஜ்ல நீ அரியர் வச்ச சி-யா?" என்றார். கல்யாணத்துக்கு முன்னால் சொன்ன எதையும் இந்த ஆள் மறக்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

மேகம் போட்டு ஏமாற்றியது. தவக்கால வெள்ளி, கறி மீன் கிடையாது. ரசம், துவையல்.

மாட்யூல் நேற்றே கம்பைல் ஆனது. ஓட்டினால் ஒரே வரி எழுதிவிட்டுச் செத்துப்போகிறது. பைத்தானாக இருந்தால் எந்த வரியில் என்ன தப்பு என்று உட்கார்ந்து சொல்லும். சி ஒன்றும் சொல்லாது. பொத்தென்று விழும், அவ்வளவுதான். பகல் முழுக்கத் தேடினேன். இரண்டு தடவை கணினியைத் திட்டினேன், ஒரு தடவை கோயில் மணியைத் திட்டிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டேன்.

சிலுவைப்பாதைக்குப் போனேன். ஐந்தாவது ஸ்தலத்தில் முட்டி போட்டிருக்கும்போது பிடிபட்டது. ஆண்டவர் மன்னிக்க.

பைத்தானில் ஒவ்வொரு பொருளும் தன்னை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று தானே பார்த்துக்கொள்ளும். கடைசி ஆள் கையை விட்டதும் துடைத்துப் போட்டுவிடும். சி பக்கம் வந்தால் அதை நாம் பார்க்க வேண்டும். நான் இரவல் வாங்கிய பொருளை என் பொருள் என்று நினைத்து, வேலை முடிந்ததும் கைகழுவி விட்டிருக்கிறேன். உடைமைக்காரன் வந்து தேடும்போது அது இல்லை. அண்ணன் வீட்டு மைனியின் ஆப்பச்சட்டியை வாங்கிவந்து பழைய இரும்புக்காரனுக்குப் போட்ட மாதிரி.

வீட்டுக்கு வந்து ஒரு வரியை எடுத்தேன். ஓடியது. ஒரு படம், கண் சிமிட்டும் நேரம். நம்பாமல் இன்னொரு படம். அதுவும். பழைய லூப்பும் புதியதும் ஒரே எண் சொல்கின்றன. குசினியில் இருந்த எட்வினை இழுத்து வந்து காட்டினேன். "என்ன நடந்துச்சின்னே தெரியலியே" என்றார். அதுதானே விஷயம், தெரியக் கூடாது! சந்தோஷத்தில் ரசம் பொங்கி அடுப்பு நாசம்.

மார்ச் 7, சனி

பேராசை யாரை விட்டது.

கணினிக்குள் எட்டு கோர் இருக்கிறது, ஏழு சும்மா தூங்குகிறது என்று காலையில் தோன்றியது. பைத்தானுக்குள் ஒரு பூட்டு உண்டு. ஒரு நேரத்தில் ஒரு ஆள்தான் உள்ளே வேலை செய்யலாம். ஆனால் சி பக்கம் போய்விட்டால் அந்தப் பூட்டைத் திறந்துவிட வழி இருக்கிறது. திறந்துவிட்டேன். எட்டு த்ரெட். எட்டும் ஆளுக்கொரு படத்தை எடுத்து எண்ணி, ஒரே மொத்தத்தில் கூட்டும். வேகத்துக்காகப் படத்துக்குப் படம் எண்ணிக்கை எழுதுவதையும் நிறுத்திவிட்டேன். மொத்தம் மட்டும் போதும் என்று.

சாப்பிட உட்காரும்போது தட்டிவிட்டேன். கை கழுவி வந்தால் அத்தனை படமும் முடிந்திருந்தது.

எண்: வரம்புக்குக் கீழே.

இரண்டு தடவை படித்தேன். கீழேதான். பார் மூடாது. பிழைப்புக்கென்று அண்ணன் எங்கேயும் போக வேண்டாம். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, பைத்தியம் மாதிரி.

சொல்லியிருக்கக் கூடாது. மேடத்துக்கே இன்னும் அனுப்பவில்லை. ஆனால் வாய் நிற்குமா? அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, பயப்படாத. கொறவாத்தான் இருக்கு. மூட மாட்டாவ."

அந்தப் பக்கம் போட் இன்ஜின் மட்டும் கேட்டது.

"கொறவாவா?" என்றார்.

"ஆமாண்ணே."

"ம். சரிளா. வைக்கேன்."

இவ்வளவுதானா? நான் என்னமோ துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். கொஞ்சம் கோபம்தான் வந்தது. ஆம்பிளைகளுக்கு நல்ல செய்தி சொல்வதும் சுவரில் ஆணி அடிப்பதும் ஒன்று.

சங்கருக்கும் சொன்னேன். அவனாவது கத்தினான்.

மார்ச் 8, ஞாயிறு

ஞாயிறு கடல் கிடையாது. கரையெல்லாம் வள்ளம். இரண்டாம் பூசைக்குப் போய், அங்கிருந்து நேரே அண்ணன் வீடு. ஸ்டெல்லா மைனி கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தார். வாசலிலேயே என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். முகத்தில் பவுடர், தலையில் பூ. இந்த மைனியை இப்படிப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

"ஏளா ஜெசி, எம் வயித்துல பால வார்த்த. ரெண்டு வருசம் மூடுனா ஒங்க அண்ணன் கொச்சிக்குப் போயிருவாவ. கப்பலுக்கு அடியில பாசி சொரண்டுத வேலைக்கு அங்கன ஒருத்தன் கூப்புட்டுக்கிட்டே கெடக்கான். முன்னால ஒருக்கா போனாவல்லா? பெரியவன் பேசப் படிச்சதயே போன்லதான் கேட்டாவ."

தெரியும். நானும்தான் இருந்தேனே. பிள்ளை அப்பா என்று ஃபோனைக் காட்டும்.

மைனி சொன்னதில் அடுத்தது: நேற்றே கரையில் எல்லாரிடமும் சொல்லியாயிற்றாம். சங்குகுளிக்காரர் வீடு பூராவும் தெரியும். எனக்குக் கோழி இறங்கவில்லை. மேடத்துக்குத் தெரியும் முன்னால் கரைக்குத் தெரிகிறது.

அண்ணன் சாப்பிட்டுவிட்டு வாசலில் உட்கார்ந்து காற்றுக் குழாயில் ஓட்டை பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சங்கு அளக்கிற இரும்பு வளையம் கிடந்தது. சங்கு அந்த வளையத்துக்குள் நுழைந்தால் பொடி, திருப்பிக் கடலில் போட வேண்டும் என்பது விதி. மைனிக்கு அந்த வளையத்தைக் கண்டாலே ஆகாது.

"மத்தவன் எல்லாம் கண்ண மூடிக்கிட்டு பைக்குள்ள போடுதான். இவிய மட்டும் கடலுக்கு நடுவுல வளையத்த வச்சி அளந்துக்கிட்டு இருப்பாவ. யாரு பாக்கா அங்கன?"

அண்ணன் சிரித்தார். குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 9, திங்கள்

கொண்டல் காற்று கொஞ்சம் எட்டிப் பார்த்தது. துணி காய்ந்தது.

ரிப்போர்ட்டில் போடுவதற்காக இன்னொரு தடவை ஓட்டினேன். சும்மா, திரையைப் படம் பிடித்து ஒட்டலாம் என்று.

வேறு எண்.

மறுபடி ஓட்டினேன். அதுவும் வேறு. மறுபடி. மறுபடி. அதே படங்கள், அதே நிரல், ஒவ்வொரு தடவையும் ஒரு எண். எல்லாம் வரம்புக்குக் கீழேதான். ஆனால் ஒன்றுபோல் ஒன்று இல்லை. பைத்தான் மெதுவாகச் செய்த காலத்தில் ஒருநாளும் இப்படி மாற்றிப் பேசியதில்லை.

சங்கர் பார்த்தான். "கொஞ்சந்தானக்கா வித்தியாசம். நாலஞ்சு தடவ ஓட்டி ஆவரேஜ் போட்டுருவோம்."

"ஏலே, ஒங்க அப்பா கடையில ஒரு கயிற நாலு தடவ அளந்து நாலு நீளம் வந்தா ஆவரேஜ் போட்டா விக்காவ?"

எனக்கே என் சத்தம் அதிகமாகப் பட்டது. அண்ணாச்சி கீழே இருந்து, "என்னளா மேல சண்ட?" என்றார்.

தலைவலி. மோட்டார்காரர் இன்றும் வரவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

கண்டுபிடித்தேன். கண்டுபிடிக்காமல் இருந்திருக்கலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. எழுதிவைக்கிறேன், யார் பார்க்கப்போகிறார்கள்.

எட்வினுக்குச் சொன்ன விளக்கம்: மீன் ஏலத்தில் ஒரே சிலேட்டு. இரண்டு பேர் கூடை எண்ணுகிறார்கள். இரண்டு பேரும் ஒரே நேரம் சிலேட்டைப் பார்க்கிறார்கள், நாற்பது என்று இருக்கிறது. இவனும் ஒன்றைக் கூட்டி நாற்பத்தொன்று என்று எழுதுகிறான், அவனும் நாற்பத்தொன்று என்று எழுதுகிறான். வந்த கூடை இரண்டு, ஏறிய கணக்கு ஒன்று. மற்றது காற்றோடு போச்சு. என் எட்டு த்ரெட்டும் ஒரே மொத்தத்தில் எழுதிக்கொண்டிருந்தன. நான் திறந்துவிட்டேனே ஒரு பூட்டு, அது இதற்காகத்தான் இருந்திருக்கிறது.

"அப்ப கணக்கு கூடுதலா வரவே வராதா?" என்றார் எட்வின்.

"வராது. கொறையத்தான் செய்யும். கூடாது."

எட்வின் என் முகத்தைப் பார்த்தார். அவருக்கும் புரிந்துவிட்டது.

திருத்துவது சின்ன வேலை. ஒவ்வொரு த்ரெட்டுக்கும் தனிச் சிலேட்டு, கடைசியில் எட்டையும் கூட்டுவது. ஓட்டினேன். ஐந்து தடவையும் ஒரே எண். சந்தேகத்துக்கு ஒரு பிடி படங்களை எடுத்துப் புதியதிலும் பழைய மெதுவான லூப்பிலும் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். டீ போட்டேன். குடிக்கவில்லை. இரண்டும் ஒரே எண்.

மொத்த எண், வரம்புக்கு மேலே. ரொம்ப மேலே இல்லை. ஆனால் மேலே.

மார்ச் 11, புதன்

ஒன்றும் செய்யவில்லை. துணி மடித்தேன். மோட்டார்காரர் வந்தார், பார்த்தார், நாளைக்கு வருகிறேன் என்று போனார். புளி வாங்கினேன், வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது.

சங்கர் வீட்டுக்கே வந்துவிட்டான். நாற்காலி நுனியில் உட்கார்ந்தான்.

"அக்கா, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதீங்க. மொத மொத வந்த நம்பரையே குடுத்துருவோமே. எவன் திருப்பி எண்ணப் போறான்? ஒங்க அண்ணனுக்கும் நல்லது."

நான் கத்துவேன் என்று எதிர்பார்த்தான். எனக்குக் கத்த வரவில்லை. ஏனென்றால் நேற்று சாயங்காலத்திலிருந்து நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இவன் வாயால் கேட்டதும் அசிங்கமாக இருந்தது. என் மனசுக்குள் இருக்கும்போது அப்படித் தெரியவில்லை.

"போடா. நான் பாத்துக்கிடுதேன்" என்றேன்.

"சும்மா சொன்னேன்க்கா" என்று எழுந்து போனான். படியில் நின்று மறுபடி, "சும்மாதான் சொன்னேன்" என்றான்.

நிரல் தப்பாக இருக்கட்டும் என்று ஆசை. கல்லைச் சிப்பி என்று எண்ணியிருக்கலாமே. படங்களைத் திறந்து ஒவ்வொன்றாக என் கண்ணாலேயே பார்க்க ஆரம்பித்தேன். கல் இல்லை. சிப்பிதான். வாயைக் கொஞ்சம் திறந்துகொண்டு, பொடிப்பொடியாக, ஒன்றின் மேல் ஒன்று.

பார்த்துக்கொண்டே போகும்போது ஒரு படத்தின் ஓரத்தில் கை. இடது கை. கயிற்றில் மாட்டி வளைந்துபோன சுண்டுவிரல். அண்ணன் கை. கேமரா விடாமல் எடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. முதல் படத்தில் சட்டம் முழுக்கப் பாசி. அடுத்ததில் அந்தக் கை பாசியை ஒதுக்குகிறது. அதற்கடுத்ததில் வெளியே தெரிகிறது சிப்பிக் கூட்டம்.

நிரலுக்குக் கை என்றால் மண்ணோடு சேர்த்தி, கடந்து போய்விடும். அதனால் இத்தனை நாளும் எனக்குத் தெரியவில்லை.

இன்னும் தேடினேன். எங்கே சட்டம் வைத்தாலும் அப்படித்தான். பாசி, கை, சிப்பி. தண்ணீர் இழுத்துப் படம் ஆடிப்போன இடங்களிலும் கை வந்து ஒதுக்கியிருக்கிறது. ஒதுக்காமல் விட்டிருந்தால் என் நிரல் பாசி என்று எழுதிவிட்டுப் போயிருக்கும். கடலுக்கு அடியில் போய் யார் கேட்பது?

கணினியை மூடிவிட்டு அழுதேன். எட்வின் வந்தபோது வெங்காயம் என்று சொன்னேன். அடுப்பு பற்றவைக்கவே இல்லை. கேட்காமல் போய் அவரே தோசை ஊற்றினார்.

மார்ச் 13, வெள்ளி

சிலுவைப்பாதை முடிந்து அண்ணனைப் பிடித்தேன். கடற்கரைச் சாலைச் சுவரில் உட்கார்ந்தோம். கப்பல்கள் விளக்குப் போட ஆரம்பித்திருந்தன. கடலை வாங்கிக் கொடுத்தார், சின்னப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கிற மாதிரி.

"அண்ணே, நான் அன்னைக்குச் சொன்ன நம்பர் தப்பு."

திரும்பிப் பார்த்தார். "கூடுதலா?"

"கூடுதல்தான்."

"வரம்பத் தாண்டியா?"

"தாண்டித்தான்."

"அப்பாடா" என்றார்.

எனக்குச் சுரீர் என்று வந்துவிட்டது. மூன்று நாளாகச் செத்துக்கொண்டிருக்கிறேன் நான். "என்ன அப்பாடா? மூடப்போறாவண்ணே. ரெண்டு வருசம். வெளங்குதா ஒனக்கு?"

"வெளங்குதுளா. கொறவுன்னு நீ சொன்னதுலருந்து எனக்கு மனசே சரியில்ல. நான் கண்ணால பாத்துட்டு வந்தது எப்படி இல்லாமப் போவும்? படத்தத்தான் ஒழுங்கா எடுக்கலியோ, கேமராவ ஆட்டிட்டனோன்னு கெடந்து யோசிக்கேன். வாழ்நாள்ல அந்தப் பார்ல இவ்வளவு சிப்பி நான் பாத்ததில்ல. போன வருசம் வெறும் பாறை அது."

"ஒங் கை படத்துல இருக்கு."

"இருக்கும்."

"பாசிய ஒதுக்காம எடுத்திருந்தா எண்ணிக்கைக்கே வந்திருக்காது. தெரியும்லா?"

"தெரியும்."

"பொறவு?"

கடலைத் தோலை ஊதினார். "ஒதுக்கிட்டு எடுன்னு சொல்லித்தான அனுப்புனாவ."

அவ்வளவுதான் அவர் விளக்கம். மேலே கேட்டால் எரிச்சல்படுவார், கேட்கவில்லை.

முதலில் ஏன் குறைந்தது என்று கேட்டார். சிலேட்டுக் கதையைச் சொன்னேன். நன்றாகச் சிரித்தார். "எட்டுப் பேர ஒரு வள்ளத்துல ஏத்துனா எவன் கணக்கு சரியா இருக்கும்?" என்றார். பிறகு சிரிப்பு நின்றது. மிச்சக் கடலையை என் கையில் கொட்டினார்.

"கொச்சிக்காரனுக்கு வாரேன்னு சொல்லிர வேண்டியதுதான். ஈஸ்டர் முடிஞ்சி."

"மைனிட்ட யாரு சொல்ல?"

"நான் சொல்லுதேன். நீ ரெண்டு நாளைக்கி அந்தப் பக்கம் வராத."

மார்ச் 14, சனி

காலையிலேயே அனுப்பிவிட்டேன். சங்கர் பக்கத்தில் நின்றான். கூடவே ஒரு குறிப்பும் எழுதினேன்: முதலில் ஓட்டியபோது எண் குறைவாக வந்தது, காரணம் இது, திருத்தியது இப்படி, பழைய லூப்போடு ஒப்பிட்டது இத்தனை படம். கரையில் தப்பான எண்ணைப் பரப்பியது நான்தான் என்பதையும் எழுதினேன்.

"அத எதுக்குக்கா எழுதுதீய?" என்றான்.

"பேசாம இருலே."

மேடத்திடமிருந்து ஒரு வரி பதில். நன்றி, கூட்டத்தில் வைக்கிறேன் என்று.

சங்கர் கீழே போய் அவன் அப்பாவிடம் காசு கேட்டுச் சர்பத் வாங்கி வந்தான். இரண்டு பேரும் குடித்தோம். பிறகு அவனே, "அடுத்த தடவ த்ரெட் போடுறதுக்கு முன்னால எங்கிட்டயும் காட்டுங்கக்கா" என்றான். சரி என்றேன். நியாயம்தானே.

மைனிக்கு ஃபோன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை.

மோட்டார் சரியாயிற்று. காசு அநியாயம்.

மார்ச் 15, ஞாயிறு

பூசையில் மைனி மூன்று பெஞ்சு முன்னால். திரும்பவே இல்லை. தலையில் பூ இல்லை. சமாதானம் சொல்லும் நேரம் எல்லாரும் சுற்றிச் சுற்றிக் கும்பிட்டார்கள். மைனி எதிர்ப்பக்கம் மட்டும் கும்பிட்டார்.

வாசலில் மூன்று சங்குகுளிக்காரர்கள் என்னைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தர் மட்டும், "பரவால்ல தங்கச்சி, ஒன் வேல அது" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மத்தியானம் வீட்டில் தயிர்ச்சோறு.

மார்ச் 19, வியாழன்

சூசையப்பர் திருநாள். காலையில் நல்ல காற்று, கடல் பக்கத்திலிருந்து.

கூட்டம் முடிந்துவிட்டது. பாரை மூடுகிறார்கள். ஈஸ்டருக்கு மறுவாரத்திலிருந்து.

பதினொரு மணி இருக்கும், ஃபோன். மைனி. எடுக்கக் கை வரவில்லை, எடுத்தேன். பின்னால் பாத்திரச் சத்தம்.

"ஏளா."

"சொல்லுங்க மைனி."

"அவிய பெட்டி அடுக்குதாவ. ஈஸ்டருக்கு இன்னும் நாள் கெடக்கு, இப்பவே அடுக்குதாவ. நீ வந்து பாத்துட்டுப் போ."

"வாரேன் மைனி."

வைத்துவிடுவார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"ஒன் மிஷின் மாசக்கணக்கு வேலயச் சோறு திங்கிற நேரத்துல முடிச்சிருமாம்லா. அவியதான் சொல்லுதாவ, பெருமையா."

"ஆமா மைனி."

"இந்த ரெண்டு வருசத்தயும் அதுல போட்டு ஓட்டிக் குடுளா" என்றார்.

மக்ரூன் இரண்டு பெட்டி வாங்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குக் கிளம்பினேன்.